கீழமுகத்துறையார் ஓடு கழற்றிய கதை

கீழமுகத்துறையில் முதன்முதலில் ஓடு கழற்றியவள் ஏலக்காரி செண்பகவடிவு. ஆனி அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு, கடற்கரையில் ஒரு கூடை சங்கரா மீனை ஏலம் விட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கி வாயை அகலத் திறந்து நின்றவளின் முதுகு, பிடரியிலிருந்து இடுப்புவரை வெள்ளரிப்பழம் போலப் பிளந்தது. பிளந்த வழியே அவள் பின்பக்கமாக நகர்ந்து, முதலில் முதுகும் பிறகு தலையும் பிறகு கைகால்களுமாக வெளியே வந்து, யாரோ நீட்டிய புடவையைச் சுற்றிக்கொண்டு, "கொஞ்சம் படுக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன ஓடு மூக்குத்தியும் முந்தானையுமாகக் கையைத் தூக்கியபடியே மணலில் நின்றது. அதன் முன்னால் இன்னும் பத்து நிமிஷம் ஏலம் நடந்தது. விலையைக் குறைத்துக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதற்கு மறுநாள் படகோட்டி இருவர், அதற்கும் மறுநாள் கருவாட்டுக்காரக் குடும்பம் முழுக்க, அதற்கடுத்த நாள் மாதாகோயில் மணியடிப்பவர் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே என்று வரிசையாக நடக்கத் தொடங்கியதும், ஊர் பஞ்சாயத்தைக் கூட்டி என்னை அழைத்தது. ஏன் என்னை அழைத்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் நான் யார் என்று சொல்ல வேண்டும், அது ரொம்பச் சின்னக் கதை. என் பெயர் சிற்றம்பலம். கழிமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் நண்டுக்குஞ்சுப் பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊரில் எனக்கு நண்டு வாத்தியார் என்று பெயர். யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை, கண்ணாடி போட்டிருப்பதால் வந்த பட்டம்.

நண்டுக்குஞ்சு பொரியும்போது நண்டாகப் பொரியாது. தலையில் ஒரு முள், முதுகில் ஒரு முள், உடம்பில் பாதிக்குக் கண், பின்னால் நீட்டிய ஒரு வால் என்று, கொசுப்புழுவுக்குக் கவசம் மாட்டிய மாதிரி ஒரு தூசியளவு உயிர் கடல் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருக்கும். ஐந்து முறை சட்டை உரித்த பிறகு கொடுக்கு முளைக்கும், ஆனால் வால் மட்டும் இன்னும் நீட்டிக்கொண்டே இருக்கும், இரண்டுங்கெட்டான் பருவம். ஆறாவது முறை உரித்தால்தான் வாலை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து, பார்ப்பவர் வாயூறும் நண்டாகும். லட்சம் பொரிந்தால் ஆயிரம் தேறினால் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும், இல்லையென்றால் உரிக்கும்போது பழைய சட்டையிலேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும். இதைப் பற்றி ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிடலாம் என்றுதான் நானும் இந்த ஊருக்கு வந்தேன். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் கால் உதறிக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சாயத்தில் ஊர்த்தலைவரான நாட்டார் வேதரத்தினம் நேராகக் கேட்டார். "வாத்தியாரே, இது ஏன் நடக்குதுன்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தையில சொல்லுங்க, மீன் பெட்டி ஏத்தணும்."

எனக்குத் தெரியாது என்பதுதான் இரண்டு வார்த்தை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சபையைக் கண்டால் எனக்கு நாக்கு நீளும். நான் எழுந்து நின்று, ஆதியில் நண்டுக்கும் இறால் மாதிரி நீள வால்தான் இருந்தது, கோடிக்கணக்கான வருஷத்தில் அது வாலை மடக்கி உடம்பைத் தட்டையாக்கி நண்டாயிற்று, அதுவும் ஒரே குடும்பத்தில் ஒரே தடவை அல்ல, ஒன்றுக்கொன்று நேர் சொந்தமில்லாத வெவ்வேறு குடும்பங்களில் ஐந்து தடவைக்குக் குறையாமல் தனித்தனியாக இப்படி நடந்திருக்கிறது, இயற்கைக்கு என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் ஒரு நண்டைச் செய்து வைத்துவிடுகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினேன்.

"அப்ப நாங்க ஆறாவதா?" என்று கேட்டாள் செண்பகவடிவு. அதற்குள் அவளுக்குப் புது உடம்பு கெட்டியாகி, முன்னைவிட நாலு விரல் உயரமாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஒரு கேள்வியில் ஊருக்குத் திருப்தியாகிவிட்டது. ஆறாவது என்றால் ஆறாவது. பக்கத்து ஊர்க்காரன் கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது, அதற்குமேல் காரணம் எதற்கு என்று எல்லோரும் பெட்டி ஏற்றப் போய்விட்டார்கள்.

பிறகு ஊர் அதை எப்படிப் பழகிக்கொண்டது என்று பார்க்க வேண்டும். உரித்தவர்கள் எல்லோரும் நாலு விரல் வளர்ந்ததால் வாசல் நிலைகளை உயர்த்தினார்கள், உயர்த்தாதவர்கள் நெற்றியில் புடைப்போடு திரிந்தார்கள். புது விரலில் ரேகை இல்லாததால் ரேஷன் கடை எந்திரம் யாரையும் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே ஓட்டின் வலது கையை மட்டும் மணிக்கட்டோடு கழற்றி மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய் எந்திரத்தில் வைத்தார்கள், எந்திரம் மறுபேச்சில்லாமல் அரிசி கொடுத்தது. கருவாட்டுக் களத்தில் காக்கை விரட்ட ஓடுகளை நட்டார்கள். கூட்டம் குறைவான கல்யாணங்களுக்கு ஓடுகளை இரவல் வாங்கிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மருமகள், மாமியாரின் ஓட்டை அடுப்படி மூலையில் நிறுத்தி தினமும் அதோடு சண்டை போட்டாள், வீட்டில் அமைதி நிலவியது.

ஓட்டைப் பற்றிக் கவலையில்லை. கவலை, ஓட்டிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றித்தான். உரித்த மூன்று நாளைக்கு ஆள் பஞ்சுபோல இருப்பார்கள். ஊர் அதற்குப் பஞ்சு நாள் என்று பெயர் வைத்தது. அந்த மூன்று நாளில் மேலே படுவதெல்லாம் பதிந்துவிடும் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துபோயிற்று. கயிற்றுக்கட்டிலில் படுத்த மணியக்காரருக்கு முதுகெல்லாம் கட்டம். அதோடு போயிற்றா, பேச்சும் பதிந்தது. 'நீ உருப்படவே மாட்டே' என்று பஞ்சு நாளில் தகப்பன் சொல்லக் கேட்ட வலைக்காரன் ஒருவன் மூன்றாம் நாள் கூன் போட்டபடியே கெட்டியானான். பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி சிரித்துக்கொண்டிருந்த பாக்கியத்தம்மாளுக்கோ கன்னத்தில் குழி விழுந்து, எழவு வீட்டுக்குப் போனாலும் சிரித்த முகமாகவே இருந்தது.

ஆகவே பஞ்சு நாளில் பக்கத்தில் யார் இருப்பது என்பது பெரிய வழக்காயிற்று. மாமியாரா, அம்மாவா, புருஷனா என்று இரண்டு மாதம் ஊரே அடித்துக்கொண்டது. கடைசியில் நாட்டார் விதி வகுத்தார். உரிக்கிறவர் யாரைச் சொல்கிறாரோ அவரே காவல். மற்றவர் யாரும் குறுக்கே பேசக்கூடாது. காவல் இருப்பவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வரக்கூடாது. வந்து அது பதிந்தால் பஞ்சாயத்து கேட்கும். அதிலிருந்து ஊரில் யார் யாரை நம்புகிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்கள் புருஷனை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியைக் கைகாட்டினார்கள். புருஷன்மார் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். ஏனென்றால் என் மனைவி வண்டார்குழலி இன்னும் உரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில், பண்ணையில் சேர்ந்து ஐந்தாவது மாதம், கடலில் இழுத்த சல்லடை வலையில் ஒரு விசித்திரமான உயிரைக் கண்டேன். நீண்ட முள், பெரிய கண். புது இனம் என்று எனக்குத் தோன்றியது; தோன்றியது என்ன, சத்தியமே செய்தேன். மனைவிக்கு அதுவரை ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கிக்கொடுத்ததில்லை, ஆகவே அந்த உயிருக்கு அவள் பெயரை வைத்து, சின்னப் பத்திரிகை ஒன்றில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதினேன். குழலி அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினாள். குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், காரைக்காலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். 'கடல்ல என் பேர்ல ஒரு உசுரு நீந்துது' என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டுரை வெளிவந்த இருபத்தாறாம் நாள் எனக்குக் கேரளத்திலிருந்து ஒரு பேராசிரியரின் கடிதம் வந்தது. 'அன்புள்ள ஐயா, தாங்கள் கண்டது சாதாரணக் கழி நண்டின் மூன்றாம் பருவக் குஞ்சு. தண்ணீரை மாற்றி இன்னும் பதினைந்து நாள் வைத்திருந்தால் அதுவே தங்களிடம் சொல்லியிருக்கும்.' அதாவது என் தொட்டியில் தினம் இருபதாயிரம் நான் தீனிபோட்டு வளர்க்கும் அதே குஞ்சு. கடலிலிருந்து வந்ததால் எனக்கு வேற்றாளாகத் தெரிந்திருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேல்நாட்டுப் பெரியவர்களே நண்டுக்குஞ்சைத் தனிப் பிராணி என்று நம்பிப் பெயர் வைத்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு நண்டுப் பண்ணையில் உத்தியோகம் இல்லை.

கடிதத்தை நான் குழலியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் தள்ளினேன். மைத்துனன் கல்யாணத்தில் நூறு பேர் நடுவில் அவள் அந்தப் பெருமையைச் சொன்னபோது, விலங்கியல் படித்த ஒரு சொந்தக்காரப் பெண் சிரித்துவிட்டு, "அத்தே, அது நண்டுக்குட்டி. நீங்க தினம் குழம்பு வைக்கிறது" என்றாள். அன்றிலிருந்து குழாயடியில் அவள் பெயர் நண்டார்குழலி. அன்றிலிருந்து என்னோடு அவள் பேச்சும் 'சோறு வச்சிருக்கு', 'கரண்டு போயிடுச்சு' என்பதோடு நின்றுவிட்டது. என்னைத் திட்டவில்லை, அழவில்லை, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கக்கூட இல்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே இருபது வருஷம்.

இப்போது அவள் உரிக்கப் போகிறாள். யாரைச் சொல்வாள்? என்னைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைக்கு வெட்கம் ஏது. ஐப்பசிக்குள் ஊரில் உரிக்காத ஆள் நாங்கள் இரண்டு பேர்தான் என்றாகிவிட்டது. "நண்டு வாத்தியாருக்கே ஓடு கழலலையே" என்று பல்லில்லாத கிழவர்கள்கூடச் சிரித்தார்கள். குழலிக்கு முன்னால் உரித்து, பஞ்சாகி, மன்னிப்புக் கேட்டுக் கெட்டியாகிவிட்டால் யோக்கியனாகத் தெரிவேன் என்று ஒரு திட்டம் போட்டு, பண்ணைத் தொட்டியில் உப்பு அளவைச் சரிபார்த்துக் கழுத்தளவு தண்ணீரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஜலதோஷம் பிடித்தது. படகின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரும் குஞ்சுப் பருவத்தில் நண்டுக்குப் பங்காளி மாதிரி துள்ளி நீந்துவதுதான். பிறகு எங்கேயோ தலையைக் குத்தி ஒட்டிக்கொண்டு, ஆயுசுக்கும் அந்த இடத்திலேயே காலை ஆட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நான் அந்த வகை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில், வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தபடியே குழலி உரித்தாள். செய்தி போவதற்குள் தங்கை மங்கையர்க்கரசி காரைக்காலிலிருந்து பையோடு வந்து இறங்கிவிட்டாள். நாட்டார் வந்து வாசலில் நின்று, வழக்கப்படி உரக்கக் கேட்டார். "தாயி, காவல் யாருன்னு சொல்லு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவரு."

"எவரு?"

"அவருதான். எங்க வீட்டுல வேற எவரு இருக்காரு?"

மங்கை பையைத் தொப்பென்று கீழே போட்டாள். "யக்கா, உனக்கு புத்தி பெசகிடுச்சா? இந்த மனுஷன நம்பியா?"

"நம்பிக் கூப்பிடலடி. ஒண்ணு கேக்கணும் அவர்கிட்ட. கெட்டியா இருக்கும்போது கேட்டா, என்ன சொன்னாலும் மேலயே நின்னுடும், உள்ள எறங்காது."

எனக்குச் சந்தோஷத்தில் பாதிதான் காதில் விழுந்தது. பண்ணை நோட்டில் நான் பத்து நாளாக இனிய சொற்கள் எழுதி வைத்திருந்தேன், மொத்தம் இரண்டு பக்கம். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழலி வாழையிலை பரப்பிய பாயில் படுத்திருந்தாள். புதுத் தோல் இளஞ்சிவப்பாக, மூச்சு விட்டால் அலையும்போல இருந்தது. முதல் நாள் கஞ்சி கொடுத்தேன், ஈ ஓட்டினேன். நோட்டைப் பார்த்து 'நீ மகராசி' என்று படித்தேன். "நோட்ட வைங்க" என்றாள்.

இரண்டாம் நாள் ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அது நண்டுக்குஞ்சுன்னு உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

கடுஞ்சொல் கூடாது என்பது விதி. 'உனக்குத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கும் தெரியும்' என்று சொன்னால் விதி பிழைக்கும், வலிக்காது, அவள் வழவழவென்று கெட்டியாவாள், ஊர் என்னை மெச்சும். அந்தப் பொய் என் நாக்கின் நுனிக்கு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. ஆனால் அதுவும் பதியும், அவள் உடம்புக்குள் எலும்புபோல இருந்துகொண்டு அவளோடு சாகும் என்று நினைத்தேன். ரசத்தை இரண்டு தடவை ஆற்றினேன். ஆறிப்போன ரசத்தை மூன்றாம் தடவையும் ஆற்றினேன்.

"இருபத்தாறாம் நாளு," என்றேன். "லெட்டர் வந்துச்சு. ரெண்டு வருஷம் உன்னப் பேசவிட்டுட்டு சும்மா இருந்தேன்."

அவளுடைய இடது தோளுக்குக் கீழே, கட்டைவிரலால் அழுத்தியதுபோல ஒரு குழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. ஊதினேன், தேங்காயெண்ணெய் தடவப் போனேன், என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன்.

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு குழலி. அப்புறம், நீ அத எல்லார்கிட்டயும் சொல்றப்ப உன் மூஞ்சி அப்படி இருக்கும். அது போயிடும்னு பயந்தேன். கடைசியில அதையும் நான்தான் போக்கினேன்."

அவள் ரசத்தைக் குடித்தாள். மூன்றாம் நாள் குழியோடு கெட்டியானாள்.

மங்கைதான் முதலில் பார்த்தாள். அடுத்த கால் மணியில் பஞ்சாயத்து கூடிவிட்டது. காவல் இருந்தவனே குழி வைத்தான் என்று ஊரே ஆடியது, நாட்டார் கைத்தடியைத் தட்டினார். நான் கைகூப்பித் தலைகுனிந்து நடுவில் நின்றேன். அப்போது குழலி, புது உயரத்தோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவர யாரும் ஏசாதீங்க. இந்தக் குழிய நான்தான் கேட்டு வாங்கினேன். இருபது வருஷமா எங்க வலிக்குதுன்னே தெரியாம கெடந்தேன். இப்ப இன்ன எடம்னு கைய வச்சுக் காட்டுவேன்."

நாட்டார் கைத்தடியைக் கீழே வைத்தார். எனக்கு முதுகு அரித்தது. சபையில் சொறிவது மரியாதையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அரிப்பு பிடரியிலிருந்து இடுப்புக்கு இறங்கிற்று, ஏதோ கிழிந்தது, முதுகில் மழைக்காற்றுப் பட்டது. இருபத்திரண்டு வருஷம் குஞ்சுகள் உரிப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன், அது இவ்வளவு கூச்சமான காரியம் என்று ஒரு குஞ்சும் சொன்னதில்லை. நான் பின்பக்கமாக வெளியே வந்து மணலில் விழுந்தேன். என் ஓடு கைகூப்பித் தலைகுனிந்து அங்கேயே நின்றது, ஆகவே பஞ்சாயத்தார் மிச்சமிருந்த கண்டனத்தை அதனிடமே சொல்லி முடித்தார்கள். நான் நேரில் இருந்ததைவிட அது ஒழுங்காகக் கேட்டுக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

என்னை ஈர வலையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நாட்டார் வாசலில் நின்று கேட்டார். "வாத்தியாரே, காவல் யாரு?"

யாரைச் சொன்னாலும் தப்பித்திருப்பேன். பண்ணைக் காவல்காரரைச் சொல்லியிருந்தால் அவர் மூன்று நாளும் தூங்கியிருப்பார். "குழலி" என்றேன்.

நாட்டார் குழலியின் பக்கம் திரும்பினார். "தாயி, விதி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குழலி கதவைச் சாத்தினாள். முக்காலியை இழுத்து என் வலது பக்கத்தில் போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். வெளியே ஊர் முழுக்கச் சன்னலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. நான் ஒரு வெண்ணெய்க்கட்டி மாதிரி கிடந்தேன். அவள் ஒரு சொல் சொன்னால் ஆயுசுக்கும் கூன், ஒரு சொல் சொன்னால் ஆயுசுக்கும் குருடு. பயந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

அவள் பேசினாள். கல்யாண வீட்டில் அந்தப் பெண் சிரித்தபோது கையிலிருந்த பாயசத் தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதைச் சொன்னாள். குழாயடிக்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போன வருஷங்களைச் சொன்னாள். அதைச் சொல்லி முடித்த பிறகு, கருவேப்பிலைச் செடி பட்டுப்போனது, அவள் அப்பா சாகும்போது கேட்ட கேள்வி, எதிர்வீட்டுப் பூனை, 'சோறு வச்சிருக்கு' என்று சொல்லும்போதெல்லாம் அதற்குப் பின்னால் சொல்ல வந்து விழுங்கியது என்று, மூன்று நாளும், குரல் கட்டிப்போனால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும், கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் குரல் தேயத் தேய நான் கேட்பதற்காகத் தலையை அந்தப் பக்கம் சாய்த்தேன்.

அப்படியே கெட்டியாகிவிட்டேன். தலை வலது தோளில் சாய்ந்தது சாய்ந்ததுதான், நிமிரவில்லை. நுண்ணோக்கியில் கண் வைக்க நாற்காலியைக் கோணலாகப் போட வேண்டியிருக்கிறது, சட்டையில் ஒரு பக்கக் காலர்தான் தெரிகிறது, எதிரே வருகிறவர்கள் நான் ஏதோ ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு தாங்களாக எதையாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த தடவை உரிக்கும்போது சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். குழலி மட்டும் சொல்வதில்லை. சாயங்காலமானால் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, "எங்க விட்டேன்?" என்று கேட்கிறாள்.